கல்லில் இல்லாத பேர்

— டோக்கன் அப்புறம் தர்றேன் இனாயத் சாச்சா. மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— இன்னா கேட்ட பேட்டா? இந்த ஃபேன் போடற சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.

— தேவானந்தம், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துப்பா. சாச்சாவுக்குக் காது கேக்கலியாம்.

— ஆண்டவரே! ஆம்பூர் வெயில்ல ஃபேனை நிறுத்தச் சொல்றியே நயீமு, உனக்கே நல்லாருக்கா? மணி ரெண்டாச்சு. நான் கேஷை மூடணும். பாய்க்கு டோக்கனைக் குடு, ஸ்லிப்பை இந்தப் பக்கம் தள்ளு, பணத்தைக் குடுத்து அனுப்பிடறேன். குடும்பச் சண்டைய வெளிய போயி வெச்சுக்கங்க.

— குடும்பச் சண்டை இல்ல தேவா. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வந்து நீயும் உக்காந்து கேளு. பதினோரு வருசமா உன் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவன் இந்த ஊருல இன்னா மதிப்புல இருக்கான்னு உனக்கும் தெரியட்டும்.

— சாட்சி வேற வெக்கறியாடா? நான் இன்னா திருடிட்டா ஓடறேன்? பள்ளிவாசல் செக்ரட்டரி, பள்ளிவாசல் கணக்குல பணம் எடுக்க வந்திருக்கேன். கஸ்டமரு.

— எங்க அத்தா பேரு எங்க சாச்சா? அவ்ளோதான் கேட்டேன். பள்ளிவாசல்ல தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யறதுக்குப் புதுசா தொட்டி கட்டினீங்க. நல்லா கட்டினீங்க, மாஷா அல்லா. பணம் குடுத்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி சுவத்துல பதிச்சிருக்கீங்க. போன வெள்ளிக்கிழமை நின்னு மேலருந்து கீழ படிச்சேன், கீழருந்து மேல படிச்சேன். மக்தூம் பாஷான்னு ஒரு பேரு அதுல இல்ல. நான் பணம் குடுத்தேனா இல்லியா?

— குடுத்த. யாரு இல்லேன்னா?

— எதுக்குன்னு சொல்லிக் குடுத்தேன்?

— தொட்டிக்குன்னு சொல்லித்தான் குடுத்த. உங்க அத்தா பேர்ல, அவருக்கு நன்மை போய்ச் சேரணும்னு.

— அப்போ பேரு?

— அது வந்து... கல்லு சின்னதாப் போச்சு பேட்டா. குடியாத்தத்துலருந்து கல்லு வெட்ட வந்த ஆளு, உருதுவும் வெட்டணும் தமிழும் வெட்டணும்னா எடம் பத்தாதுன்னுட்டான்.

— எடம் பத்தலியா? கல்லுக்கு அடியில ஒரு முழம் சும்மா கெடக்குது. எங்க அத்தா பேரோட எங்க தாத்தா பேரும் சேத்து எழுதலாம் அதுல.

— அது அழகுக்கு வுட்டது.

— சாச்சா!

— ஏய் நயீமு, குரலைக் கம்மி பண்ணு. மேனேஜர் உள்ள டிபன் கேரியரைப் பிரிச்சுக்கிட்டிருக்காரு. பாய், நானும் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த அரியர்ஸ் பணம் பத்தி எனக்குத் தெரியும். சம்பளச் செட்டில்மெண்ட் முடிஞ்சு பழைய பாக்கி எங்க எல்லாருக்கும் வந்துச்சு. நான் ஸ்கூட்டர் புக் பண்ணேன். இவன் மட்டும் ஒரு ரூபா வீட்டுக்குக் கொண்டு போகல. முழுசா கொண்டாந்து உங்ககிட்ட குடுத்தான்.

— என் வீட்டுக்காரி ஜஹீருன்னிசா கிரைண்டர் கேட்டிருந்தா தேவா. ஆட்டுக்கல்லுல மாவாட்டி மாவாட்டி தோள்பட்டை வலின்னு. அவளேதான் சொன்னா, கிரைண்டர் கெடக்குது, மாமாவுக்கு மொதல்ல செய்ங்கன்னு. இப்ப அவகிட்ட நான் இன்னா சொல்றது? நம்ம பணம் எங்க போச்சுன்னு கேட்டா எங்க கூட்டிட்டுப் போயி காட்டுவேன்? காட்டற எடமா அது?

— எடம்னா? எங்க போச்சு பணம்?

— நீங்களே சொல்லுங்க சாச்சா. மோதினார் என்கிட்ட சொல்லிட்டாரு. உங்க வாயால சொல்லுங்க.

— மோதினாருக்கு வாய் ஜாஸ்தி. பாங்கு சொல்ற வாயி, அதோட நிக்கணும்.

— கக்கூஸ்ல போட்டாங்க தேவா! பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் புதுசா கக்கூஸ் கட்டியிருக்காங்க இல்ல? அதுக்குத் தரை போட்டது, வெள்ளை டைல்ஸ் ஒட்டினது எல்லாம் என் அரியர்ஸ் பணம். எங்க அத்தாவோட பேர்ல குடுத்த பணம்.

— இன்னாது?

— சத்தம் போடாத நயீம். ரோட்ல போறவன் திரும்பிப் பாக்கறான்.

— பாக்கட்டும்! ஊரே பாக்கட்டும்! தேவா, உனக்குப் புரியாது, நான் சொல்றேன். பள்ளிவாசல் கணக்கு இங்க இருக்குதில்ல, அதுல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி ஏறுது. வட்டி எங்களுக்கு ஹராம். அதைத் தொழுகை எடத்துக்குச் செலவு பண்ணக் கூடாது, அதுல நன்மையும் எதிர்பாக்கக் கூடாது. பேங்க்லயே வுட்டுட்டாலும் மனசு கேக்கல. அதனால அதை எடுத்து கக்கூஸ் கட்டறது, சாக்கடை தூர்வாரறது, இந்த மாதிரி. இப்ப சாச்சா எதுக்கு வந்திருக்காரு? அந்த வட்டிய எடுக்கத்தான். ஸ்லிப்பைப் பாரு.

— அதான் எனக்குத் தெரியுமே. ஒவ்வொரு ஜூலையும் ஜனவரியும் பாய் வருவாரு. நான் பணத்தைக் குடுத்தா அந்த நோட்டை மட்டும் தனியா மடிச்சு ஜிப்பாவோட இடது பாக்கெட்ல வெப்பாரு. மத்த நாள் எடுக்கறதெல்லாம் வலது பாக்கெட்டு. நான் பாத்திருக்கேன். நல்ல மனுசன், கலக்கக் கூடாதுன்னு பாக்கறாருன்னு நெனச்சுக்குவேன்.

— ஆமா, நல்ல மனுசன். சாச்சா, நான் அன்னிக்கு உங்க தோல் மண்டிக்கு வந்து கவரைக் கையில குடுத்தேன். ஸலாம் சொன்னேன், துவா செய்ங்கன்னேன். நீங்க என் தலையத் தொட்டு துவா செஞ்சீங்க. நான் போனப்புறம் அந்தக் கவரை எந்தப் பாக்கெட்ல வெச்சீங்க?

— பேட்டா...

— வலதா, இடதா?

— நயீம், வேணாம்.

— சொல்லுங்க!

— இடது.

— கேட்டியா தேவா? கேட்டியா? வட்டியும் நானும் ஒரே பாக்கெட்டு.

— பாய், இது அநியாயம் பாய். நெசமாவே சொல்றேன், இது ரொம்ப அநியாயம். அவன் வட்டியா வாங்கிட்டு வந்தான்? வேலை பாத்த கூலி அது. ஆஃப் இயர்லி குளோசிங்னா வீட்டுக்குப் போகாம பேலன்ஸ் எடுப்பான். ஒரு பைசா ஒதைச்சாலும் எழுந்திரிக்க மாட்டான். மாதனூர்க்காரங்க மாட்டு லோனுக்கு வந்து ஃபாரம் எழுதத் தெரியாம முழிக்கறப்போ இவன்தான் சாப்பாட்டை வுட்டுட்டு எழுதிக் குடுக்கறது. கந்துவட்டிக்காரன் கையிலருந்து எத்தனை பேரைப் பிடுங்கியிருக்கான் தெரியுமா? அந்தக் கூலியப் போயி கக்கூஸ்ல... சீ, நான் யூனியன்ல பேசுவேன் இதை.

— யூனியன்ல பேசற விசயமில்ல தேவானந்தம். இது தீனு, மார்க்கம் சம்பந்தப்பட்டது. வட்டி வாங்கறவன், குடுக்கறவன் மட்டுமில்ல, அதை எழுதறவனையும் சேத்துத்தான் கண்டிச்சிருக்கு. நான் சொல்லல, நபி சொல்லியிருக்காங்க. நயீமுக்கும் தெரியும்.

— தெரியும் சாச்சா. ஓதியிருக்கேன். எழுதறவனைச் சொன்ன அதே வாக்கியத்துல குடுக்கறவனையும் சொல்லியிருக்கா இல்லியா? குடுக்கறவன்னா யாரு? கடன் வாங்கி பேங்குக்கு வட்டி கட்டறவன். அந்தக் கல்லுல பேரு இருக்கற பெரிய மனுசங்கள்ல எத்தனை பேரு...

— நயீமு, அது மட்டும் வேணாம். கஸ்டமர் விசயம் வாயிலருந்து வரக் கூடாது. வேலை போயிடும்.

— பேரு சொல்ல மாட்டேன் தேவா. பயப்படாத. சத்தியம் பண்ணி உள்ள வந்தவன், சொல்ல மாட்டேன். அந்த வைராக்கியம் எனக்கு இருக்கு. ஆனா சாச்சா, உங்களுக்கு இன்னா நான் சொல்லித்தான் தெரியணுமா? ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் தோல் போறது யாரு பணத்துல போகுது? பச்சைத் தோல் வாங்கறதுக்குக் கடன், பதம் போடறதுக்குக் கடன், கப்பல் ஏத்தறதுக்குக் கடன். எல்லாத்துக்கும் வட்டி. அந்தக் காசுல கல்லுல பேரு. அது வலது பாக்கெட்டு!

— அவங்க வியாபாரம் பண்றாங்கடா. வியாபாரம் ஹலாலு. கடன் நடுவுல வர்ற கஷ்டம்.

— ஆங். அவங்களுக்குக் கஷ்டம். எனக்குப் பாவம். நல்லாருக்கு. போன வருசம் என் மச்சினன் கல்யாணத்துக்கு வலீமா விருந்தை என் வீட்ல வெச்சேன். பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் வந்தாரு, உக்காந்தாரு, அழகா துவா ஓதுனாரு. பிரியாணி வெச்சா வயித்து வலின்னுட்டாரு. சரி, வயித்து வலி யாருக்கும் வரும். எங்க வீட்லருந்து நேரா அடுத்த தெருவுல தோல் பதனிடற டேனரி முதலாளி வீட்டு விருந்துக்குப் போயி ரெண்டு தடவை வாங்கிச் சாப்ட்டாரு. வயித்து வலி என் வாசப்படியோட நின்னுடுச்சு.

— எங்க சர்ச்சுலயும் இது உண்டு நயீமு. சாராயக் கடை காண்ட்ராக்ட் எடுத்தவரு ஒருத்தரு பெரிய மணி வாங்கிக் குடுத்தாரு. எங்க பாஸ்டர் அய்யர் மொதல்ல யோசிச்சாரு, அப்புறம் வாங்கி மாட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை அது அடிக்கறப்போ ஒருத்தனும் காதைப் பொத்திக்கல.

— ஜோக் அடிக்கற நேரமா தேவா இது?

— ஜோக் இல்லப்பா. ஆத்திரம். எனக்கு ஆத்திரம் வந்தா இப்படித்தான் வரும். பாய், நீங்களே சொல்லுங்க, பணக்காரன் கொண்டாந்து குடுக்கறப்போ இது எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா?

— கேக்கல.

— ஏன்?

— தைரியம் இல்ல. போதுமா? பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லி பக்கத்துல உக்காந்து வாங்கறாரு, நான் ரசீது எழுதறேன். ஒரு தோல் மண்டி வெச்சுக்கிட்டு, அந்த டேனரி முதலாளிங்க வாங்கினாத்தான் எனக்கு சோறு. அவங்களைப் போயி நான் கேக்க முடியுமா? உண்மையச் சொல்றேன், இதுல எனக்குப் பெருமை இல்ல.

— என்னைக் கேக்க மட்டும் தைரியம் வந்துச்சா?

— உன்னையும் நான் கேக்கலியேடா.

— கேக்காம செஞ்சீங்க! அதுதான் எரியுது சாச்சா. மூஞ்சிக்கு நேரா, நயீம், உன் காசு வேணாம்னு சொல்லியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் ஜஹீருன்னிசாவுக்கு கிரைண்டர் வாங்கிக் குடுத்திருப்பேன். சிரிச்சுக்கிட்டே வாங்கினீங்க. தலையத் தொட்டீங்க. இது துரோகம் இல்லியா?

— என் பேரும் அந்தக் கல்லுல இல்ல, அதைக் கவனிச்சியா?

— உங்க பேரா?

— நான் இங்க மண்டிக்குக் கடன் வாங்கியிருக்கேன். உன் தோஸ்துகிட்ட கேளு, இல்ல உன் லெட்ஜர்லயே பாத்துக்க. நானும் கொஞ்சம் போட்டேன் அந்த வேலைக்கு. அதுவும் டைல்ஸுதான். என் காசும் உன் காசும் பக்கத்துல பக்கத்துலதான் ஒட்டியிருக்கு.

— அது நீங்க உங்க காசை உங்க இஷ்டத்துக்குச் செஞ்சது. நீங்களா முடிவு பண்ணீங்க. எங்க அத்தா காசை முடிவு பண்ண நீங்க யாரு? என் சம்பளம் ஹராமா ஹலாலான்னு எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல. எங்க அத்தா இன்னா பண்ணாரு? அவருக்குமா கக்கூஸு?

— நயீம், உக்காரு. தண்ணி குடி.

— உக்கார மாட்டேன். கல்லுல மொத வரி யாரு பேரு சாச்சா? பேங்க் விசயம் இல்ல, கல்லு விசயம், சொல்லலாம். நூருல் அமீன் முதலாளி. எங்க அத்தா யாருகிட்ட வேலை பாத்தாரு? அவருகிட்டத்தான். சுண்ணாம்புக் குழியில எறங்கி எறங்கி அத்தா கையில தோலு இருந்துச்சா? விரலு நுனியெல்லாம் வெந்து, சோத்தைப் பெசைஞ்சா உப்பு பட்டு எரியும், ஸ்பூன்ல சாப்பிடுவாரு. டேனரில கூலிக்கு வேலை பாக்கறவன் வீட்ல ஸ்பூன்! தெருப் பசங்க தொரைன்னு கேலி பண்ணுவாங்க. நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் வீட்ல இருன்னு அனுப்பிட்டாரு முதலாளி. கையில ஒண்ணும் இல்ல. ரம்ஜானுக்கு ஒரு கைலி.

— தெரியும்டா. நானும் அவனும் ஒண்ணா ஓதினவங்க. எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சும் அந்தப் பேரு மேல, இந்தப் பேரு எங்கயும் இல்ல. அன்னிக்கு வீட்ல மூணு அக்கா. அடுப்பு எரியல. நான் பேங்க் பரீட்சை எழுதினேன், வேலை கிடைச்சுது. நானும் அத்தாவும்தான் ஹஜ்ரத்கிட்ட போயி கேட்டோம். நீங்களும் கூட வந்தீங்க. அவரு இன்னா சொன்னாரு?

— ஜரூரத்துன்னா போகலாம்னாரு.

— அப்படின்னா இன்னா நயீமு?

— வேற வழியே இல்லாத நெலமை, தேவா. பட்டினில சாகப் போறவனுக்கு ஆகாததும் ஆகும், உசுரு நிக்கற அளவுக்கு. அது மாதிரி வேற வேலை கிடைக்கற வரைக்கும் இதைப் பாரு, அல்லா மன்னிக்கிறவன்னாரு. அத்தா அங்கயே அழுதாரு.

— வேற வேலை தேடினியா நீ?

— கேளுங்க சாச்சா, இதையும் கேளுங்க! தேடலேன்னு நெனச்சீங்களா? நாலு டேனரில கணக்கு எழுதற வேலை கேட்டுப் போனேன். மொத நாளே இன்னா சொன்னாங்க? பேங்க்ல இருக்கறவன்தானே, எங்க ஓவர் டிராஃப்ட் வட்டிக் கணக்கை நீயே பாத்துக்கன்னாங்க! இங்க எழுதினா ஹராம், அங்க எழுதினா ஹலாலா? நீங்க எந்த வேலைய எனக்காகப் பாத்து வெச்சிருந்தீங்க? ஊருல யாரு பாத்து வெச்சிருந்தாங்க? அக்காங்க நிக்காஹ்வுக்கு நீங்கதான் பொண்ணு சார்பா வக்கீலா நின்னு கையெழுத்துப் போட்டீங்க. அந்தச் சீரு, அந்த விருந்து எதுல நடந்துச்சு? அப்போ ஒருத்தனுக்கும் வயித்து வலி வரல!

— வரல. நானே சாப்ட்டேன். ஒத்துக்கறேன்.

— எங்க அத்தா என் சோத்தைச் சந்தோஷமா சாப்ட்டாரு சாச்சா. கடைசி வரைக்கும். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. சம்பளத் தேதி அன்னிக்கு வாசல்லயே உக்காந்திருப்பாரு. நான் கவரைக் குடுத்தா பிஸ்மில்லா சொல்லி வாங்கி அம்மா கையில குடுப்பாரு. அந்த மனுசன் ஏத்துக்கிட்ட காசை நீங்க கக்கூஸ்ல கொட்டுனீங்க.

— சரி, நயீமு, ஆத்திரப்பட்டு ஆகப்போறது இன்னா? உனக்கு இப்ப இன்னா வேணும்? அதைச் சொல்லு. பாய் செய்வாரு. பேரு வெட்டணும், அவ்ளோதானே? கல்லுல எடம் இருக்குன்னு நீயே சொல்ற.

— அதேதான் தேவா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வெட்டணும்.

— ஏன் ஞாயிறு?

— தொட்டி திறந்ததுக்காக ஞாயித்துக்கிழமை காலைல ஒரு நேரம் பொம்பளைங்களை உள்ள வுட்டுக் காட்டறாங்க. மத்த நாள்ல அவங்க வர்றதில்ல. எங்க அம்மா வெள்ளிக்கிழமையிலருந்து என்னை வுடல. அத்தா பேரு எப்படி எழுதியிருக்கு, உருதுல மொதல்லயா தமிழ்ல மொதல்லயான்னு கேக்கறா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பொய் சொன்னேன். உருதுல மொதல்ல, அழகா இருக்குது அம்மான்னு சொல்லிட்டேன். அப்பலருந்து தெருவுல இருக்கற பொம்பளைங்களையெல்லாம் சேத்துக்கிட்டிருக்கா. அஃப்ஸர் ஜஹான் அக்கா குழந்தைங்களோட கணியம்பாடியிலருந்து வருது. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயி அம்மா அந்தக் கல்லு முன்னாடி நிப்பா. அம்மாவுக்கு உருது படிக்கத் தெரியும் தேவா.

— யா அல்லா...

— இப்பத்தான் அல்லா ஞாபகம் வருதா சாச்சா? வெட்டுவீங்களா மாட்டீங்களா?

— உங்க அம்மா அன்வரிகிட்ட நான் பேசறேன்டா. வீட்டுக்கு வந்து நானே பேசறேன்.

— இன்னான்னு பேசுவீங்க? உன் புருசன் பேரைக் கக்கூஸுக்கு எழுதி வெச்சிருக்கோம்னா?

— இன்னாவாச்சும் சொல்றேன். அவ வராம பாத்துக்கறேன்.

— அவ ஏன் வராம இருக்கணும்? நீங்க வெட்டுங்க, அவ வரட்டும். செலவு என்னோடது. இல்ல, என் காசு பட்டா கல்லும் ஹராமாயிடுமா?

— என்னால முடியாது நயீம்.

— கமிட்டி ஒத்துக்கலியா?

— கமிட்டிக்கு ஒண்ணும் தெரியாது.

— தெரியாதா? அப்போ நீங்களேதான் செஞ்சீங்களா? ஒத்தை ஆளா? யாரையும் கேக்காம?

— நானேதான்.

— பாய், எனக்கே பொறுக்கல பாய். கமிட்டி சொல்லி செஞ்சீங்கன்னு பாத்தா, நீங்களா செஞ்சிருக்கீங்க. கூடப் படிச்ச தோஸ்து பேரு அது. ஒரு வார்த்தை, வெட்டுன்னா வெட்டப் போறான் அந்த ஆளு. இதுல உங்களுக்கு இன்னா நஷ்டம்?

— தேவானந்தம், உனக்குத் தெரியாது, நீ நடுவுல வராத.

— அப்போ நான் முடிவு பண்ணிட்டேன் சாச்சா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா. தொழுகை முடிஞ்சு எல்லாரும் துவாவுக்குக் கையேந்தறப்போ நான் எழுந்து நிப்பேன். மொத வரிசையில முதலாளிங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க. எங்க அத்தா பேரு எங்கன்னு கேப்பேன். அதுக்கப்புறம் ஒரே ஒரு கேள்வி கேப்பேன்: பேங்குக்கு வட்டி கட்டாதவன் யாரு, எழுந்து நில்லுங்கன்னு. யாரு பேரும் சொல்ல மாட்டேன், அது என் தொழில் தர்மம். அவங்க அவங்க மனசு சொல்லட்டும். கடைசியா, தொட்டியில போடாத பேரைக் கக்கூஸ் வாசல்லயாவது கல்லுல வெட்டி வெய்ங்கன்னு கேப்பேன். மக்தூம் பாஷா, சுண்ணாம்புக் குழித் தொழிலாளின்னு. எங்க அம்மா அங்க வந்து பாத்துக்குவா.

— வேணாம்டா. அப்படி மட்டும் செய்யாத.

— ஏன், பயமா? பயப்படணும். இத்தனை வருசமா நான் பயந்தேன். எங்க குடும்பம் பயந்துச்சு. யாரு வீட்டு விருந்துக்குப் போனாலும் ஒரு ஓரமா உக்காந்தேன். நாளைக்கு நீங்க பயப்படுங்க.

— எனக்காகப் பயப்படல. நீ ஊரு முன்னாடி கேட்டா, ஊரு முன்னாடி நான் பதில் சொல்லணும்.

— சொல்லுங்களேன்!

— பள்ளிவாசலுக்குள்ள நின்னு பொய் சொல்ல மாட்டேன் நயீம். இங்க, ஃபேன் சத்தம், கல்லு சின்னது, அழகுக்கு வுட்டதுன்னு என்னென்னமோ உளறிட்டேன். அங்க என்னால உளற முடியாது.

— சாச்சா, இன்னா சொல்ல வர்றீங்க?

— டோக்கனைக் குடுத்து என்னை அனுப்பிடு பேட்டா. இதை இதோட வுட்டுடு. என்னைத் திட்டணும்னா திட்டு. ஊரு முழுக்கத் திட்டு. இனாயத்துல்லா மோசடிக்காரன்னு சொல்லிக்க. நான் கேட்டுக்கறேன். ஜும்மாவுல மட்டும் எழுந்திரிக்காத.

— எழுந்திரிப்பேன். குர்ஆன் மேல சத்தியமா எழுந்திரிப்பேன். ஞாயித்துக்கிழமை எங்க அம்மா அங்க நின்னு பேரைத் தேடப் போறா, நீங்க என்னைச் சும்மா இருங்கறீங்க.

— ஏன்டா இப்படிப் பண்ற? சத்தியம் வேற போட்டுட்டியே. தேவானந்தம், கொஞ்சம் தண்ணி குடுப்பா.

— இந்தாங்க பாய். மொள்ளக் குடிங்க.

— உங்க அத்தா வேலூர் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நான் போயிருந்தேன். நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. உங்க அம்மா தொழுதுக்கிட்டிருந்தா. பக்கத்துல வான்னு கையைக் காட்டினான். இனாயத்து, எனக்கப்புறம் என் புள்ள என் பேர்ல ஏதாச்சும் கொண்டாந்து குடுப்பான், வாங்கிக்க, திருப்பி அனுப்பாத, அனுப்பினா அவன் ஒடைஞ்சுடுவான்னான். ஆனா ஜனங்க ஒளு செய்யற தண்ணியில அதைச் சேக்காத, என் பேரையும் எங்கயும் எழுதாதன்னான்.

— பொய்.

— அவன்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தேன்டா. உன்கிட்ட சொல்ல மாட்டேன்னும் சத்தியம் பண்ணினேன். இப்ப நீ அதை உடைக்க வெச்சுட்ட.

— பொய் சாச்சா. அத்தா என் சோத்தைச் சாப்ட்டவரு. என் கையால வாங்கினவரு.

— நானும் அதையேதான் அவன்கிட்ட கேட்டேன். இத்தனை வருசம் சாப்ட்டியே பாஷா, இப்ப இன்னா புதுசான்னு. அதுக்கு அவன், பொண்ணுங்களைக் கரையேத்தினேன், சோறு தின்னேன், மாத்திரை முழுங்கினேன், எல்லாம் ஜரூரத்து, அல்லா கேட்டா சொல்லிக்குவேன்னான். செத்துப் போனவனுக்கு இன்னா ஜரூரத்து இனாயத்துன்னு கேட்டான்.